வயிறு சொல்வதைக் கேட்போம்: உணவு ஒவ்வாமையும் செரிமான மண்டலமும்

ஏழு மாத ஆண் குழந்தையொன்றை அதன் தாயும் பாட்டியும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எட்டு முறைக்கு மேல் வாந்தி. உடல் வெளிறி, துணிபோலத் துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்கவும் தெம்பில்லாத நிலை. காய்ச்சல் இல்லை, தோலில் தடிப்பும் இல்லை. ஒரே மாதத்துக்குள் இது மூன்றாம் முறை.

முதல் முறை நடந்தபோது, சோறூட்டிய அன்று யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். உறவினர் சொற்கேட்டுத் தொக்கம் எடுப்பவரிடமும் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டாம் முறை எங்களிடமே வந்தார்கள். இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்ததால் கிருமித்தொற்று என்று கருதினோம். சிரை வழியே திரவமும் ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுத்தோம். மறுநாளே குழந்தை சிரித்து விளையாடியது. மருந்துதான் குணப்படுத்தியது என்று நாங்களும் நம்பினோம்.

மூன்றாம் முறை பாட்டி ஒன்றைச் சொன்னார்: "சோறு ஊட்டுற அன்னைக்கு மட்டுந்தான் இப்படி ஆகுதுங்க டாக்டர். ஊட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்குது. வெறும் தாய்ப்பால் குடிக்கிற நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கான்."

நோய் இன்னதென்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. அது கிருமியும் அன்று, கண்ணேறும் அன்று. அரிசியிலுள்ள புரதத்தைக் குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்ளாததால் வந்த ஒவ்வாமை. முதல் தடவையிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு?' என்பது. கேட்கத் தவறினோம். குடும்பத்தாரின் இசைவோடு அந்நிகழ்வை இங்கே எழுதுவதற்குக் காரணம், அந்தத் தவறு வேறு வீடுகளிலும் வேறு மருத்துவமனைகளிலும் தொடரக் கூடாது என்பதே.

உணவு ஒவ்வாமை என்றதும் பலரும் தோல் அரிப்பையும் உதட்டு வீக்கத்தையும்தான் நினைக்கிறார்கள். ஆனால் உணவு முதலில் சேரும் இடம் வயிறு. ஒவ்வாமையின் முதல் குரலும் பலருக்கு அங்கிருந்துதான் எழுகிறது. சிலருக்கு அங்கிருந்து மட்டுமே எழுகிறது.

குடலின் காவல்

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் உடலுக்கு அயலான பொருளே. மீனின் புரதமும் பசும்பாலின் புரதமும் நம்முடைய புரதங்கள் அல்ல. இரைப்பையின் அமிலமும் கணையத்தின் நொதிகளும் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகின்றன. ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் அத்துண்டுகளை உறிஞ்சிக்கொள்கிறது. சிறுகுடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒரே அடுக்குச் செல்கள்தாம். அந்த மெல்லிய சுவருக்கு அப்பால், உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் நிற்கின்றன.

அந்தக் காவலுக்கு இரு கடமைகள் உண்டு. கிருமி வந்தால் எதிர்க்க வேண்டும். உணவு வந்தால் வழிவிட வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே உடல் இதைக் கற்றுக்கொள்கிறது. உணவுப் புரதங்களைப் பகையாகக் கருதாமல் ஏற்கும் இந்தப் பழக்கத்தை ஏற்புத்திறன் என்கிறோம். இது கைகூடாத நிலையும், கைகூடிய பின் குலையும் நிலையும் உணவு ஒவ்வாமை எனப்படும்.

செரிமானத்தில் எல்லாப் புரதமும் முழுவதுமாக உடைந்துவிடுவதில்லை. அறிஞர்கள் இதை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார்கள். 1921-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்னும் மருத்துவருக்கு மீன் ஒவ்வாமை இருந்தது. அவருடைய இரத்தத் தெளிநீரை உடன் பணியாற்றிய கார்ல் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். பின்னர் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது தோல் தடித்தது. ஒவ்வாமையைத் தூண்டும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1927-இல் அமெரிக்க மருத்துவர் மேத்யூ வால்ஸர் இன்னோர் அடி முன்னே சென்றார். அவ்வாறு தெளிநீர் ஏற்றப்பட்ட, ஒவ்வாமை இல்லாதவர்களை மீன் உண்ணச் செய்தார். வாய்வழி உண்ட மீன், சிறிது நேரத்தில் தோலில் அந்த இடத்தைத் தடிக்க வைத்தது. புரதத்தின் ஒரு சிறு பகுதி சிதையாமலேயே குடலைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இரத்தத்தில் இருந்த 'ஏதோ ஒன்று' ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புரதம் என்பது 1960-களில்தான் தெரியவந்தது.

விரைந்து வருவது

உணவு ஒவ்வாமையை அது தோன்றும் வேகத்தைக் கொண்டு மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது எளிது.

முதல் வகை, உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படுவது. இதற்குக் காரணம் ஐ.ஜி.ஈ. எதிர்ப்புரதம். குடற்சுவரிலும் தோலிலும் மூச்சுக்குழாயிலும் மாஸ்ட் செல்கள் என்னும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் இந்த எதிர்ப்புரதம் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வாத புரதம் வந்து பட்டவுடன் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியேற்றுகின்றன. ஹிஸ்டமின் குடலின் தசைகளை இறுக்குவதால் வயிறு முறுக்கி வலிக்கிறது. குடலுக்குள் நீர் சுரப்பதால் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. இரைப்பை எதிர்த்துத் தள்ளுவதால் வாந்தி வருகிறது. வாய் அரிப்பும் நாக்கில் குறுகுறுப்பும் இவற்றுக்கு முன்னோடியாக வருவதுண்டு.

பெரியவர்களிடம் இதற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம் இறால், நண்டு ஆகியவை. இவற்றிலுள்ள டிரோபோமயோசின் என்னும் புரதம் கொதியலிலும் பொரியலிலும் சிதைவதில்லை. ஆகவே 'நன்றாக வேக வைத்தால் ஒன்றும் செய்யாது' என்பது இறாலுக்குப் பொருந்தாது. இதையொத்த புரதம் கரப்பான்பூச்சியிலும் வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளிலும் இருக்கிறது. இறால் ஒவ்வாதவர் மீனையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. மீனில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் வேறொரு புரதம்.

குழந்தைகளிடம் பசும்பாலும் முட்டையும் முன்னிற்கின்றன. நிலக்கடலை, முந்திரி, கோதுமை, எள் ஆகியவற்றாலும் இவ்வகை ஒவ்வாமை வரலாம்.

தாமதித்து வருவது

இரண்டாம் வகை, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் தாமதித்து வருவது. இதில் ஐ.ஜி.ஈ.க்குப் பங்கில்லை. எனவே தோல் தடிப்பதில்லை. ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கண்டுபிடிக்கக் கடினமானதும் இதுவே.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சில வாரக் குழந்தையின் மலத்தில் சளியோடு இரத்தக் கீற்று தெரிவது இதன் ஒரு வடிவம். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடையும் கூடும். ஆனால் துணியில் இரத்தம் கண்டு தாய் நடுங்கிப்போவார். தாய் அருந்தும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே மிகச் சிறிய அளவில் குழந்தையின் பெருங்குடலைச் சேர்ந்து அங்கே அழற்சியை உண்டாக்குவதே காரணம். மருத்துவர் சொல்லும் காலம்வரை தாய் பாலையும் பால் பொருள்களையும் தவிர்த்தால் போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது தானே மறைகிறது.

தொடக்கத்தில் கூறிய குழந்தைக்கு வந்தது இதன் கடுமையான வடிவம். இதை உணவுப் புரதத்தால் வரும் குடலழற்சி என்கிறோம். உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஓயாத வாந்தி, வெளிறல், சோர்வு. சிலருக்குப் பிறகு வயிற்றுப்போக்கு. பால், சோயா, அரிசி, ஓட்ஸ், முட்டை, மீன் ஆகியவை அறியப்பட்ட காரணிகள். குழந்தைக்கு எளிதில் செரிக்கும் என்று நாம் முதலில் ஊட்டுவது அரிசிக் கஞ்சியும் குழைந்த சோறுந்தான். ஆகவே அரிசியின் மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. இந்நிலையில் உடனடித் தேவை, இழந்த நீரை ஈடுசெய்வது. திரவம் ஏறியதும் குழந்தை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அந்தத் தெளிவே எங்களை அன்று ஏமாற்றியது.

இங்கே ஒரு வேண்டுகோள். வாந்தியும் உணவு மறுப்பும் உள்ள குழந்தையைத் தொக்கம் எடுக்கவும், குடல் தட்டவும் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் போகிறீர்கள் என்பதை அறிவோம். ஆனால் துவண்ட குழந்தைக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது. வாய்க்குள் ஊதுவதாலும் உறிஞ்சுவதாலும் தொண்டையில் காயமும் தொற்றும் ஏற்படலாம். முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள்.

தொண்டைக்குக் கீழே சிக்கும் சோறு

மூன்றாம் வகை இரண்டும் கலந்தது. முப்பது வயதை ஒட்டிய ஒருவர், விருந்தில் உண்ட கோழித்துண்டு நெஞ்சில் அடைத்துக்கொண்டது என்று இரவில் வந்தார். எண்டோஸ்கோப்பி மூலம் அதை எடுத்தோம். பிறகு பொறுமையாகக் கேட்டபோது ஐந்தாண்டுக் கதை வெளிவந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பார். ஆட்டிறைச்சியை எப்போதோ விட்டுவிட்டார். வீட்டில் எல்லாரும் எழுந்த பின்பும் அவர் மட்டும் இலைமுன் உட்கார்ந்திருப்பார். 'மெதுவாகச் சாப்பிடுகிறவர்' என்று பெயர் வாங்கியிருந்தார். வாயுத் தொல்லை என்று பல ஆண்டுகள் மருந்தும் உண்டிருக்கிறார்.

உணவுக்குழாயிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே இருக்கக்கூடாத ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. உணவுப் புரதங்களால் தூண்டப்பட்டு இவ்வணுக்கள் குவிவதால், நாளடைவில் உணவுக்குழாய் தடித்து, வளையங்கள் விழுந்து, குறுகிவிடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து, விழுங்கும் வகை ஸ்டீராய்டு, உணவுக் கட்டுப்பாடு ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு சிகிச்சை தொடங்குகிறோம். முன்பு பால், கோதுமை, முட்டை, சோயா, மீன் வகை, பருப்புக்கொட்டை வகை ஆகிய ஆறையும் ஒருங்கே நிறுத்துவது வழக்கம். பெரியவர்களுக்குப் பாலை மட்டும் நிறுத்துவதும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எங்கள் நோயாளிக்கும் பாலை நிறுத்தியதே போதுமானதாக இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தண்ணீர்க் குவளையின் துணையின்றி உண்டதாக அவர் வந்து சொன்னார்.

இளைஞரோ நடுவயதினரோ, உணவு சிக்குவதாகச் சொன்னால் 'மென்று தின்னு' என்று அறிவுரை கூறி விட்டுவிடாதீர்கள். எண்டோஸ்கோப்பி தேவைப்படும் அறிகுறி அது.

ஒவ்வாமை அல்லாதவை

வயிற்றுக் கோளாறு எல்லாமே ஒவ்வாமை அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் இழப்பு சிறிதன்று.

பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று ஓசை எழுந்து, பேதியாகும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பால் ஒவ்வாமை அன்று. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குழந்தைப்பருவம் கடந்தபின் குறைந்துவிடுவதே காரணம். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது மிகுதி. இவர்களில் பலர் மோரையும் தயிரையும் தொல்லையின்றி உண்கிறார்கள். சிறிதளவு பாலையும் தாங்குகிறார்கள். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பால் ஒவ்வாமை உடையவருக்கு ஒரு தேக்கரண்டிப் பாலும் ஆபத்தாகலாம். தயிரும் நெய்யும் பன்னீரும்கூடச் சேராமற்போகலாம்.

கோதுமை, பார்லி ஆகியவற்றின் குளூட்டனால் சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பு தேய்ந்துபோகும் சீலியாக் நோய் மற்றொன்று. இது உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய். சிகிச்சை, வாழ்நாள் முழுதும் குளூட்டன் தவிர்ப்பு. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் முடிவுகளில் மறைந்துபோகலாம் என்பதால், நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகிவிடும். அதை உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தியும் பேதியும் வரும். பார்ப்பதற்கு ஒவ்வாமை போலவே இருக்கும். ஆனால் அது கெட்ட மீனின் குற்றம். ஒரே மீனை உண்ட பலருக்கும் வந்திருந்தால் இதை நினையுங்கள்.

பரிசோதனைத் தாளும் பசித்த பிள்ளையும்

பதினோரு வயதுச் சிறுமியொருத்தியைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். அடிக்கடி வயிற்று வலி. வெளியே ஓர் ஆய்வகத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்த பரிசோதனைத் தாள் கையில் இருந்தது. அதில் சிவப்பு வண்ணத்தில் ஒன்பது உணவுகள். பால், கோதுமை, முட்டை, துவரம் பருப்பு, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதத்தில் நான்கு கிலோ எடை குறைந்திருந்தது. பள்ளியில் தோழியரோடு அமர்ந்து உண்பதையும் சிறுமி விட்டுவிட்டாள்.

அந்தப் பரிசோதனை ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு எதிர்ப்புரதத்தை அளப்பது. ஓர் உணவை நாம் உண்டு வருகிறோம் என்பதைத்தான் அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. உலகின் முதன்மையான ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. சிறுமிக்கு உண்மையில் இருந்தது லாக்டோஸ் செரியாமை. இரவில் ஒரு பெரிய குவளைப் பால் அருந்தும் பழக்கத்தை மட்டும் மாற்றினோம். மற்ற எட்டும் தட்டுக்குத் திரும்பின.

தோலில் சிறு கீறலிட்டுப் பார்க்கும் பரிசோதனையும் இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவும் பயனுள்ளவையே. ஆயினும் அவையும் தனித்து நின்று முடிவு சொல்லா. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கு ஐ.ஜி.ஈ. இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டோர் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. தாளில் ஒவ்வாமை என்று வந்தவர்களில் மிகப் பலர் அந்த உணவை நாள்தோறும் நலமாக உண்டு வந்தார்கள் என்பது இதன் பொருள்.

ஆகவே நாங்கள் முதலில் நாடுவது உங்கள் நினைவை. பிறகு தேவைக்கேற்பப் பரிசோதனை. ஐயத்துக்குரிய உணவை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, அறிகுறி குறைகிறதா, மீண்டும் கொடுத்தால் திரும்புகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. கடுமையான எதிர்விளைவு வந்தவர்களுக்கு அந்த மறுசோதனையை மருத்துவமனையில், எங்கள் கண்முன் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வாமை உறுதியானபின் பாதிச் சிகிச்சை உங்கள் அடுக்களையில்தான் நடக்கிறது.

கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய் என்று அது நுழையாத இடமில்லை. கோதுமை ஒவ்வாதவர்களும் சீலியாக் நோயாளிகளும் அரிசி மாவு சேர்த்ததாக அச்சிட்ட பெருங்காயத்தைத் தேடி வாங்க வேண்டும். உணவகக் குருமாவில் முந்திரி அரைத்திருக்கும். சட்னியில் பொட்டுக்கடலையோடு நிலக்கடலையும் சேர்ந்திருக்கலாம். இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் இறால் ஒவ்வாதவருக்கு ஆபத்தே. தனிக் கரண்டி, தனி எண்ணெய், கழுவிய கை ஆகிய மூன்றும் தேவை.

பொட்டலங்களைப் படித்து வாங்குங்கள். குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா ஆகியவை கலந்திருந்தால் உறையில் தனியே குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ மாற்றாகாது. அவற்றின் புரதங்கள் பெரிதும் ஒத்தவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவையும் ஒவ்வா. தேங்காய்ப்பாலும் பாதாம்பாலும் கைக்குழந்தைக்குப் போதிய ஊட்டம் தரா. தாய்ப்பால் இல்லாத நிலையில் புரதம் நன்கு சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு தேவைப்படும். அதை மருத்துவர் எழுதித் தருவார். பாலை விட்ட சிறுவர்களுக்கும் தாய்மார்களுக்கும் கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றால் சுண்ணாம்புச் சத்தை ஈடுசெய்யலாம். எதை நிறுத்துவது என்பதோடு, அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதையும் ஊட்டச்சத்து ஆலோசகரிடம் கேட்டறியாமல் வீடு திரும்பாதீர்கள்.

விருந்திலும் கோயில் பிரசாதத்திலும் 'ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது' என்று அன்போடு ஊட்டுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மறுப்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். தாத்தா பாட்டி, ஆசிரியர், பள்ளி வாகன உதவியாளர் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எப்போது ஓடிவர வேண்டும்

ஒவ்வாத உணவை உண்டபின் மூச்சுத் திணறல், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், தலைசுற்றி மயங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், தோல் தடிப்போடு மீண்டும் மீண்டும் வாந்தியோ கடும் வயிற்று வலியோ சேர்ந்தாலும், அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்நிலையில் உயிர் காக்கும் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான மாத்திரை அதற்கு ஈடாகாது; மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்ததால் இழந்த நேரம் உயிரைப் பறிக்கக்கூடும். முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அட்ரினலினை வீட்டில் வைத்துக்கொள்வது, அளவு, போடும் முறை ஆகியவற்றை எங்களிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பு தேவை. சிலருக்கு அறிகுறிகள் இரண்டாம் முறை திரும்பும்.

வருமுன் காக்க முடியுமா?

'ஒவ்வாமை வந்துவிடுமோ' என்று அஞ்சி முட்டையையும் கடலையையும் குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுவரை காட்டாமலிருக்கும் வீடுகள் உண்டு. முற்காலத்தில் மருத்துவர்களே அவ்வாறு சொன்னதும் உண்மை. அந்த அறிவுரை மாறிவிட்டது. 2015-இல் இலண்டனிலிருந்து வெளியான ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு முதல் ஆண்டிலிருந்தே நிலக்கடலை உணவு தரப்பட்டது; மற்றவர்கள் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, உண்டவர்களிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும்போது, மசித்த பருப்பு, நன்கு வெந்த முட்டை, நீர்க்க அரைத்த கடலை ஆகியவற்றை ஒவ்வொன்றாக, சிறிதளவில், பகல் நேரத்தில் அறிமுகப்படுத்துங்கள். முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், முன்பே ஓர் உணவு ஒவ்வாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கருவுற்ற பெண்கள் ஒவ்வாமைக்கு அஞ்சித் தம் உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வரும்போது கொண்டுவர வேண்டியவை

எங்கள் பிரிவுக்கு வரும்போது, இரண்டு வார உணவுக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவாருங்கள். பள்ளிக் குறிப்பேட்டின் ஒரு பக்கம் போதும். என்ன உண்டது, எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் எழுதுங்கள். வாங்கிய பொட்டலத்தின் உறை, தோல் தடிப்பு அல்லது மலத்தின் கைப்பேசிப் படம், பழைய மருத்துவச் சீட்டுகள், குழந்தையின் எடை அட்டை ஆகியவையும் உதவும். குழந்தைக்கு உணவு ஊட்டுகிறவர் யாரோ அவரையும் அழைத்து வாருங்கள். அன்று அந்தப் பாட்டி வீட்டிலேயே இருந்திருந்தால், நான்காம் முறையும் நாங்கள் ஆன்டிபயாடிக் எழுதியிருப்போம்.

அந்தக் குழந்தையின் கதையையும் சொல்லிவிடுகிறோம். அரிசியை முற்றிலும் நிறுத்தினோம். இட்லி, இடியாப்பம், பொரி எதுவும் இல்லை. கேழ்வரகு, பருப்பு, காய்கறி, பழம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அவனை வளர்த்தார்கள். மூன்று வேளையும் அரிசி பொங்கும் வீட்டில் அது எளிதன்று. தாய் சில நாள் அழுததுண்டு. பெரியவர்கள், பிள்ளை உண்ணாத சோற்றைத் தாங்கள் உண்ணத் தயங்கியதுண்டு. ஆனால் எடை ஒரு மாதமும் தவறாமல் ஏறியது, வாந்தி திரும்பவில்லை.

நான்கு வயதானபோது மருத்துவமனையில் சேர்த்து, திரவம் ஏற்றும் ஏற்பாடுகளைத் தயாராக வைத்துக்கொண்டு, அளந்த அளவில் சோறு கொடுத்தோம். நான்கு மணி நேரம் பாட்டி கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டிலருகே அமர்ந்திருந்தார். ஒன்றும் நேரவில்லை. இப்போது அவன் பள்ளிக்குப் பருப்புச் சோறு கொண்டுபோகிறான். தயிர்ச் சோறு மட்டும் பிடிக்கவில்லையாம். அது ஒவ்வாமை அன்று என்று பாட்டிக்கு உறுதியளித்திருக்கிறோம்.